உருண்டு போகாத விளையாட்டுகள்

அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் முதல்முறை பாண்டிக்கு பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனபோது நான் விளையாட்டுச் சாமான் எதையும் எடுத்துப் போகவில்லை. வெந்நீர் பாட்டில், துண்டு, பிஸ்கட் பாக்கெட், அவ்வளவுதான். மரக்காணத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பாதை. அதற்குள் என்ன பெரிதாகத் தேவைப்பட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அது 2005-இன் தொடக்கம். அக்கா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளைக் கடலோரக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்தார். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்தில் பாதி கட்டி நின்ற ஒரு வீட்டின் தளத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட்டிருக்கிறாள் அக்கா. அவளால் ஏற முடியவில்லை. சுனாமி என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் அப்போதுதான் கற்றுக்கொண்டோம். பேசும்போது மட்டும் இன்றுவரை 'கடல் வந்தப்ப' என்றுதான் சொல்கிறோம்.

மாமா வந்தார், காரியம் முடியும்வரை இருந்தார், ஒப்பந்தம் முடியாததால் திரும்பிப் போனார். பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவளுக்கு எட்டு வயது. சின்னவனுக்கு நான்கு இன்னும் நிறையவில்லை. தளத்தில் ஏறுவதற்கு முன்னால் அவன் ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வந்திருந்தான். அந்தத் தண்ணீர் நெஞ்சில் தங்கி, மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் பாண்டி ஆஸ்பத்திரி. மூத்தவள் தம்பியின் கையை விடமாட்டாள். அதனால் ஒருவனுக்கு வைத்தியம் என்றாலும் பயணம் எப்போதும் மூன்று பேருக்கு.

முதல்நாள் பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல இடம் என்று மூத்தவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். ஊரைத் தாண்டியதும் உப்பளம் வந்தது. அப்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சவுக்குத் தோப்பு. தோப்பு விட்டுப்போன ஓர் இடத்தில், பனைமரங்களுக்கு நடுவே, கடல் ஒரு நீலக்கோடாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற கோடு. அவள் சத்தம் போடவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டாள். முறுக்குத் துணுக்கும் பஸ் டிக்கெட்டும் கிடந்த அந்த இடத்தில், தம்பியின் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு, பாண்டி வரும்வரை அப்படியே இருந்தாள். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னாம்மா இது?" என்றார். நான் அக்கா ஊரின் பெயரைச் சொன்னேன். எங்கள் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம் என்று இடம் பார்த்து உட்கார ஆரம்பித்தோம். அந்தக் கண்டக்டர் வண்டியாக இருந்தால் அவரே சொல்லிவிடுவார், "வலது பக்கம் காலியா இருக்குதும்மா, ஏறு" என்று. ஆனால் பிள்ளையின் கழுத்தை நான் எப்படிப் பிடித்து வைப்பது? அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று தெரிந்தால் கண் அந்தப் பக்கம்தான் போகும். வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகப் போகும். கண்ணுக்கும் கைக்கும் ஏதாவது வேலை கொடுத்தால்தான் முடியும் என்று தோன்றியது. விளையாட்டு தேடத் தொடங்கியது அப்படித்தான்.

முதலில் பரமபத அட்டை வாங்கினேன். மரக்காணம் கடைத்தெருவில் மடித்து வைக்கிற அட்டையாகக் கிடைத்தது. வீட்டில் நன்றாக ஆடினார்கள். பஸ்ஸில் முதல் பிரேக்கிலேயே தாயக்கட்டை உருண்டு எங்கோ போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மா கூடைக்கு அடியில் தேடி எடுத்துக் கொடுத்தார். அடுத்த பிரேக்கில் அதுவும் போயிற்று, காய்களும் போயின. தேடுவதற்காக நிமிர்ந்த மூத்தவளின் முகம் நேராக அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பியது. அந்த அட்டையை மறுபடி பஸ்ஸுக்கு எடுத்து வரவில்லை.

அடுத்தது நம்பர்களை நகர்த்தி வரிசைப்படுத்துகிற பிளாஸ்டிக் கட்டம். எதுவும் கழன்று விழாது, உள்ளங்கையில் அடங்கும். ஆனால் அது ஒருவர் ஆட்டம். தம்பி பிடுங்குவான், அவள் விட்டுக்கொடுப்பாள், கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்காருவாள். தவிர, குனிந்து பார்த்துக்கொண்டே வந்ததில் சின்னவனுக்குக் குமட்டிவிட்டது. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது என் புடவை முழுக்க வாந்தி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனை ஊத வைக்கச் சொன்னார். ஊத ஊத நெஞ்சு திறக்குமாம். நான் காகிதக் காத்தாடி செய்து கொடுத்தேன். பஸ் காற்றில் அது தானே சுற்றியது, அவன் ஏன் ஊதப் போகிறான்? ஜன்னலைச் சாத்தினேன். முன்சீட்டுக்காரர் திரும்பி, "ஏம்மா, வெயில்ல மூடி வெச்சிகினு வர்ற, மூச்சு முட்டுது" என்றார். "குழந்தைக்கு மூச்சு வரதுக்குத்தாங்க மூடியிருக்கேன்" என்றேன். அவர் விழித்தார். பிறகு அவரே கொஞ்ச நேரம் சின்னவனோடு சேர்ந்து ஊதிக்கொண்டு வந்தார். அன்று கோட்டக்குப்பம்வரை நல்லபடியாகப் போனது.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் ஒரு சின்னப் பெட்டி பார்த்தேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே தண்ணீர், தண்ணீரில் வண்ண வளையங்கள். கீழே இருக்கும் பொத்தானை அழுத்தினால் வளையங்கள் மேலே கிளம்பி வந்து இரண்டு குச்சிகளில் மாட்டிக்கொள்ளும். விழாது, உருளாது, குனிந்தும் பார்க்க வேண்டாம். இதைவிட என்ன வேண்டும் என்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். சின்னவன் பொத்தானை அழுத்தினான். வளையங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிச் சுழன்று, ஒன்றின்மேல் ஒன்று மோதி, மெல்லக் கீழே இறங்கின. அவன் சிரித்தான். மூத்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் கையிலிருந்து வாங்கித் தன் பாவாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவன் அழுதான், கொடுக்கவில்லை.

"ஏன்டி, குடேன் அவனுக்கு" என்றேன்.

"வேணாம் சித்தி" என்றாள். "தண்ணி எல்லாத்தையும் தூக்கினு போவுது."

அந்தப் பெட்டியை அடுத்த ஸ்டாப்பில் ஏறிய ஒரு பெண்ணின் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது காசு போட்டு வாங்கிய எதுவும் இல்லை. தைக்க வந்த துணிகளோடு பாவாடை நாடா எப்போதும் வீட்டில் கிடக்கும். அதில் நான்கு முழம் வெட்டி, முடிச்சுப் போட்டு வளையமாக்கி, பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஆடிய மாதிரி இரண்டு கைகளிலும் மாட்டிக் காட்டினேன். நடுவிரலால் குறுக்கே இழுத்தால் ஓர் உருவம் வரும். அதை எதிரில் இருப்பவர் விரல் விட்டு எடுத்தால் வேறோர் உருவமாகும். தப்பாக எடுத்தால் எல்லாம் அவிழ்ந்து வெறும் நாடாவாகிவிடும். மூத்தவள் கெட்டிக்காரி. ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். நானும் அவளும் மாற்றி மாற்றி எடுப்போம். நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்னவன் பெயர் வைப்பான். கட்டில் என்பான், ஏணி என்பான், கோழிக்கால் என்பான். இரண்டு கைகளும் மாட்டியிருப்பதால் அவளால் எழ முடியாது, திரும்பினால் அவிழ்ந்துவிடும். கடல் வருகிற இடமெல்லாம் எனக்குத் தெரியும். அந்த இடம் நெருங்கும்போது கொஞ்சம் கடினமான உருவமாகப் போட்டு அவளிடம் நீட்டுவேன். உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கே விரல் விடுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடல் எங்களைத் தாண்டிப் போய்விடும்.

ஒரு நாள் சின்னவன் ஓர் உருவத்தைப் பார்த்து "தாத்தா ஜட்டி" என்றான். அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல்முறை. நாடா அவிழ்ந்து போயிற்று. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

அவளுக்கு உப்பளத் தண்ணீர்மேலும் பயம் இருந்தது. அப்பா ஒரு நாள் அவளை வரப்பில் கூட்டிப்போய், பாத்தியில் தேங்கியிருந்த தண்ணீரில் கையை விட்டுக் காட்டினார். "இது எங்கயும் போவாது கண்ணு. நாம கட்டிப்போட்டது. வெயில் குடிச்சிட்டா வெறும் உப்புதான்." அவள் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். அதன்பின் உப்பளம் தாண்டும்போது என் கையைப் பிடிப்பது நின்றது.

இப்படியே அந்த வருஷம் போயிற்று. சின்னவனின் நெஞ்சில் விசில் குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் போனது மாதம் ஒருமுறையாயிற்று. மூத்தவளை எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சாயங்காலம் இரண்டு பேரும் என் மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணிகளைக் குவித்து விளையாடுவார்கள். தூக்கத்தில் மட்டும் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "சித்தி, சத்தம் கேக்குது" என்பாள். எங்கள் வீட்டில் படுத்தாலும் காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் கடல் கேட்கும். காதைப் பொத்தி மடியில் போட்டுக்கொள்வேன். அதற்கு எந்த விளையாட்டும் என்னிடம் இல்லை.

எனக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த இரண்டு மூன்று வரன்கள் பலவிதமாகத் தட்டிப் போயிருந்தன. அத்தைதான், அப்பாவின் தங்கை, முதலில் பேச்சை எடுத்தார். "வேற ஒருத்தி வந்தா இதுங்கள பாப்பாளா? நீயே கழுத்த நீட்டிடு. புள்ளைங்க உன்கூடவே இருக்கும்." ஊரில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். மாமாமேல் எனக்கு ஆசை எதுவும் இருந்ததில்லை. ஆனால் அந்த இரண்டு பேர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பா கேட்டபோது, "புள்ளைங்களுக்காக சரிப்பா" என்றேன். அத்தை போனில் மாமாவிடம் சொன்னார். மாமா, வந்து பேசுகிறேன் என்றாராம்.

2006 கோடை லீவில் வந்தார். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டே வந்திருந்தார். பிள்ளைகளுக்கு நிறையச் சட்டைகளும் சாக்லேட்டும் கொண்டுவந்திருந்தார். சின்னவன் அவரை யாரோ மாதிரி பார்த்தான். இரண்டாம் நாள் சாயங்காலம், உப்பளப் பக்கம் போய் வரலாம் என்று என்னைக் கூப்பிட்டார். வரப்பில் நடந்தோம். வாரிக் குவித்த உப்பு வரிசையாக நின்றது. வரப்பு முடிகிற இடம்வரை போய்விட்டோம்.

"அத்த சொன்னாங்க" என்றார் கடைசியில். "தப்பா எடுத்துக்காதம்மா. உன்ன பாக்கும்போதெல்லாம் அவ வந்து நிக்கிறா. அதே மூக்கு, அதே கொரலு. நீ உள்ளருந்து கூப்பிட்டா எனக்கு தூக்கி வாரிப்போடுது. உன்கூட என்னால வாழ முடியாது."

நான் குனிந்து காலில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினேன்.

"ஓசூர்ல ஒரு கம்பெனில வேல கெடச்சிருக்குது. மஸ்கட்ல கூட இருந்தவனோட தங்கச்சி ஒருத்தங்க இருக்காங்க. கட்டிக் குடுத்து ஒத்துவராம வந்துட்டவங்க. கொழந்தைங்கன்னா உசுரு. பேசி முடிச்சிட்டேன்."

"புள்ளைங்க?" என்றேன்.

"கூட்டினு போறேன். அங்க கடல் கெடையாது. பாப்பா ஒழுங்கா தூங்கும்."

வேறு என்ன காரணம் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பெத்தவன் கேக்கறான். நாம என்னான்னு சொல்றது" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

ஓசூருக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். திண்டிவனம் போய் வேறு பஸ் பிடிக்க வேண்டும். நானும் கூடவே போய்விட்டு வருகிறேன் என்றேன். மாமா வேண்டாம் என்றார். "நீ வந்தா அதுங்க உன்கூடவே திரும்பி வந்துடும்." அதுவும் சரிதான்.

அதனால் அவ்வளவு நீளமான பயணத்துக்கு விளையாட்டு தேடிக்கொண்டு தனியாகப் பாண்டிக்குப் போனேன். பழக்கத்தில் வலது பக்கம்தான் உட்கார்ந்தேன். கடையில் பெரிய பெரிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர், "எத்தினி பேரு வெளையாடுவாங்க?" என்று கேட்டார். மூன்று என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "ரெண்டு பேரு" என்றேன். அவர் எடுத்துப் போட்டதில் எதுவும் சரிப்படவில்லை. ஒன்றில் காய்கள் உருளும். ஒன்று அவனுக்குப் புரியாது. ஒன்றில் மூடியைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிடும். எடுத்துக்கொடுக்க அங்கே நான் இருக்க மாட்டேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டில் மிச்சமிருந்த கறுப்புக் காடாத் துணியில் ஒரு சதுரம் வெட்டினேன். வெள்ளை நூலால் கோடுகள் போட்டேன். கோடுகள் சந்திக்கிற இடமெல்லாம் ஜாக்கெட்டுக்கு வைக்கிற பிரஸ் பட்டனின் ஒரு பாதி. மறு பாதியைச் சிவப்பு, நீலத் துணி உருண்டைகளில் தைத்தேன். மூன்று காய் ஆட்டம்தான், ஒரே கோட்டில் தன் மூன்று காய்களையும் கொண்டுவந்தவர் ஜெயித்தவர். அழுத்தினால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். பஸ் எப்படிக் குலுங்கினாலும், கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது. சுருட்டிச் சட்டைப் பையில்கூட வைக்கலாம். உருண்டைகள் தொலையாமலிருக்க ஒவ்வொன்றையும் நூலால் ஓரத்தில் கட்டிவிட்டேன்.

தரையில் விரித்துச் சொல்லிக்கொடுத்தேன். சின்னவன் சிவப்பை எடுத்துக்கொண்டான்.

"உனுக்கு எந்த கலரு சித்தி?"

"எனக்கு இல்லடா. இது ரெண்டு பேரு ஆட்டம்."

"அப்ப நீ?"

"நான் பாக்கறேன்."

"பஸ்ஸுல யாரு பாப்பாங்க?"

மூத்தவள், "அப்பா பாப்பாரு, ஆடுடா" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காய்களை அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

திண்டிவனம்வரை நான் கூடப் போக மாமா ஒப்புக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் கூட்டம். ஓசூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. மாமா பெட்டிகளை மேலே ஏற்றப் போனார். சின்னவனுக்கு ஓசூரில் யானை இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அவனுக்கு அந்த அவசரம். நான் மூத்தவளின் பின்னலைச் சரிசெய்துகொண்டு, தம்பிக்கு மாத்திரை எப்போது, மூச்சு இரைத்தால் எப்படி உட்கார வைப்பது என்று எல்லாம் அவளிடம் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம். அவள் தலையாட்டினாள். படியில் கால் வைத்தவள் திரும்பி வந்தாள்.

"சித்தி, நாங்க எந்தப் பக்கம் உக்காரணும்?"

"எந்தப் பக்கம் வேணா உக்காரலாம் கண்ணு. ரெண்டு பக்கமும் கடல் இல்ல."

அவள் நம்புவதா வேண்டாமா என்பதுபோல் பார்த்தாள். பிறகு ஏறினாள். ஜன்னலில் இரண்டு தலைகளும் தெரிந்தன. சின்னவன் மட்டும் கையாட்டினான். வண்டி திரும்பும்போது அவள் எழுந்து நின்று என்னைத் தேடுவது தெரிந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது. மரக்காணம் வண்டி வந்து போய், இன்னொன்று வந்தும் நான் ஏறவில்லை. ஒரு பூக்காரம்மா, "யாருக்குமா காத்துனிருக்க?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு முனை எஸ்.டி.டி. பூத்துக்கு மாமா போன் போடுவார். முதலில் வாரம் தவறாமல் வந்தது. அப்புறம் இடைவெளி விழுந்தது. மூத்தவள் பள்ளிக்கூடம், புதுச் சிநேகிதி, குளிர் என்று எல்லாம் சொல்வாள். ஒரு தடவை, "இங்க நல்லா தூங்கறேன் சித்தி, எழுந்திரிக்கிறதே இல்ல" என்றாள். அந்தப் பேச்சைக் கேட்கத்தானே அனுப்பினேன் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த வருஷக் கடைசி. மழை விட்டிருந்தது. போன் வந்திருக்கிறது என்று பூத்துக்காரர் ஆள் அனுப்பினார். ரிசீவரை எடுத்தபோது சின்னவன்தான் பேசினான். குரல் தெளிவாக இருந்தது. மூச்சில் விசில் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

"யாரு?" என்றான்.

"சித்திடா."

போனில் தாளிக்கிற சத்தம் வந்தது.

"எந்த சித்தி?" என்று கேட்டான். "சித்தி உள்ள சமைச்சினு இருக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமாவின் புது மனைவியையும் பிள்ளைகள் அப்படித்தானே கூப்பிடும். வேறு எப்படிக் கூப்பிடும்? பின்னாலிருந்து மூத்தவளின் குரல் கேட்டது. "மரக்காணம் சித்திடா. பேசு."

"மரக்காணம் சித்தி," என்றான் அவன், விருந்தாளியிடம் பேசச் சொல்லிக்கொடுத்த மாதிரி, "நல்லா இருக்கீங்களா?"

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்ட பிள்ளை.

"நல்லா இருக்கேன்பா" என்றேன். "சாப்டியா?"

சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான். இட்லி என்றான். போனை அக்காளிடம் கொடுத்துவிட்டு அவன் ஓடுகிற சத்தம் கேட்டது.